கரட்டுக் கள்ளிமுளையானை கொல்லைக்கு கொண்டு வந்தது

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்துல எங்க கொல்லைல ஒரு பெரிய பாறை படுத்துக் கெடக்கு, அதைச் சுத்தி ஏர் ஓடாது, மாங்கன்னு வெச்சாலும் வேர் எறங்காது, அதனால அந்த ஓரத்துல யாரும் எதுவும் போட்டதில்ல. அந்த எடத்துலயும் வீட்டு மாடிலயும் கள்ளிமுளையான் வளருமான்னு ரெண்டு மழைக்காலமா பாத்துகிட்டு இருக்கேன், அதுல தெரிஞ்சத எழுதி வெக்கறேன், தொவையலுக்காக தேடறவங்களுக்கும் சும்மா செடிப் பைத்தியம் புடிச்சவங்களுக்கும் ஆகும்.

செடியப் பாக்காதவங்களுக்கு: சுண்டு விரல் தடிமனுக்கு நாலு பட்டையா மேல எழும்பற தண்டு, சாம்பல் கலந்த பச்சை, பட்டை ஓரத்துல சின்னச் சின்னதா பல்லு மாதிரி மொனை இருக்கும், தொட்டா குத்தாது. இலைன்னு ஒன்னும் இல்ல, புதுசா வர்ற நுனில எள்ளு சைஸுக்கு வந்துட்டு உதுந்துடும். நுனி போகப்போக மெலிஞ்சு ஊசியா போகும், அந்த மெலிஞ்ச எடத்துல தான் பூ வரும். இதுல தடியான ரகம் ஒன்னு இருக்கு, அதுக்கு உச்சில பந்து மாதிரி கொத்தா பூக்கும், நாத்தம் தாங்காது, எங்க பக்கம் அத யாரும் சமைக்கறதில்ல. நான் சொல்றது மெலிசான ரகம். வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு பேசறவங்க இத குந்தேட்டி கொம்முலுன்னு, அதாவது மொயல் கொம்புன்னு சொல்வாங்க, காய பாத்தா பேரு வந்தது புரியும். வெள்ளக்காரன் காலத்து செடி ஆராய்ச்சிக்காரர் ராக்ஸ்பர்க் 1795ல சோழமண்டலக் கரைச் செடிகள் புத்தகத்துல இத படம் போட்டு எழுதி வெச்சிருக்காரு, அதனால ரொம்ப நாளா எல்லாருக்கும் தெரிஞ்ச செடி தான். இப்பத்தான் தேட வேண்டியிருக்கு, எங்க ஊருக்கு மேக்கால இருந்த கரட்டுல பாதி கல்லு ஒடைக்கற கிரஷருக்குப் போயிடுச்சு, மீதில இருக்கறத வேரோட புடுங்கிட்டு போறாங்க.

ஒன்னு மட்டும் கண்டிப்பா பாருங்க. ஒடிச்சா பால் வரக்கூடாது. சதுரமா தண்டு இருக்கற கள்ளி வகை நெறைய இருக்கு, அதுங்கள்ல வெள்ளப்பால் வடியும், கண்ணுல பட்டா அவ்ளோ தான், வாயில வெச்சா வெந்துடும். கள்ளிமுளையான ஒடிச்சா தண்ணி மாதிரி தான் கசியும். பேருல கள்ளி இருந்தாலும் இது எருக்கோட குடும்பம்.

பாலைவனத்துச் செடியா இதுன்னு கேட்டா, இதோட சொந்தபந்தம் எல்லாம் ஆப்பிரிக்கா, அரேபியா வரைக்கும் பரவி கெடக்கு, நம்ம ஊரு அவ்ளோ வறண்ட ஊரு இல்ல, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் கிட்ட மழை பெய்யுது, தென்மேற்கும் குடுக்கும் வடகிழக்கும் குடுக்கும். ஆனா பாறை மேல விழுந்த மழை நிக்கறதில்லயே, பெஞ்சு முடிச்ச கொஞ்ச நேரத்துல வழிஞ்சு போயிடுது, வெயில் வந்தா கால் வைக்க முடியாத அளவுக்கு கொதிக்குது. அந்தப் பாறை இடுக்குல இருக்கற ஒரு கை மண்ணுக்கு நம்ம ஊரும் பாலைவனம் தான். இத மனசுல வெச்சுகிட்டு தான் மத்ததெல்லாம் பண்ணேன்.

கரட்டுல இது நிக்கற எடத்த மொதல்ல சுத்திப் பாத்தேன். கிட்டத்தட்ட எல்லாமே சூரைப் புதருக்குள்ள, இல்லனா விராலிக்கு அடில, இல்லனா காரைமுள்ளு நடுவுல. வெட்டவெளில ஒன்னு ரெண்டு தான். சரி, நெழலு கேக்கற செடி போலன்னு நெனச்சுகிட்டு பக்கத்து கொல்லை ஆயா கிட்ட சொன்னேன், அவங்க சின்ன வயசுல இருந்து அந்த கரட்டுல ஆடு மேய்க்கறவங்க. சிரிச்சாங்க. "நெழலுக்குப் போயி உள்ள குந்திகினு இருக்குதா அது? வெளில இருந்ததெல்லாம் ஆடு மேஞ்சுட்டுது சாமி. முள்ளுக்குள்ள வாயி எட்டல, அது மிச்சம், அவ்ளோ தான்."

இது எனக்கு தோணவே இல்ல. அப்ப இது நெழலுச் செடியா, ஆட்டுக்கு தப்பிச்ச செடியா? ரெண்டுக்கும் வளர்க்கற மொறை வேற வேற. நெழலு வேணும்னா மாடில வெச்சா செத்துடும், ஆடு தான் காரணம்னா நல்ல வெயில்ல வெச்சு இன்னும் ஜோரா வளர்க்கலாம். கள்ளி வகை விக்கற நர்சரில கேட்டா எல்லாத்துக்கும் ஃபுல் சன் ஃபுல் சன்னு தான் சொல்றாங்க. அதனால மூனு எடத்துல வெச்சுப் பாத்துடலாம்னு முடிவு பண்ணேன்: மாடில நாள் முழுக்க வெயில் அடிக்கற எடம், கொல்லைல பாறைக்கு கெழக்குப் பக்கம் காலை வெயில் மட்டும் விழற எடம், அதே பாறைகிட்ட இருக்கற சூரைப்புதருக்குள்ள.

கட்டிங் எடுத்தது ஆயா மருமகனோட பட்டா நெலத்துல. இத சொல்லக் காரணம் இருக்கு, நம்ம பக்கம் பாதி கரடு ரிசர்வ் ஃபாரெஸ்ட், அதுல இருந்து புடுங்கறது சட்டப்படி தப்பு, மாட்னா அபராதம் கட்டணும். எடுக்கும்போதும் ஒரு தூருல ரெண்டு தண்டுக்கு மேல எடுக்கல. வேரு தேவையே இல்ல இதுக்கு. தண்டு கெளைக்கற எடத்துல ஒரு கழுத்து மாதிரி ஒடுங்கி இருக்கும் பாருங்க, அங்க பிளேடு வெச்சா சின்ன காயத்தோட வந்துடும். நடுத்தண்டுல வெட்டினா காயம் பெருசு, காயறதுக்கு நாளாகும், அழுகறதுக்கு வாய்ப்பும் ஜாஸ்தி.

ஆடி மாசம் எடுத்தேன். மொறத்துல பரப்பி திண்ணைல நெழல்ல வெச்சுட்டேன், ஒரு வாரத்துக்கு மேலயே ஆச்சு, மேகம் மூடிகிட்டு ஈரக்காத்தா இருந்ததால வெட்டுவாய் சீக்கிரம் காயல. அந்த எடம் வெளுத்து, வெரலால தட்டினா கெட்டியா இருக்கணும், அப்பத்தான் மண்ணுக்கு போகணும். வீட்ல பாத்தவங்க எல்லாம் வாடிப் போச்சே தண்ணி தெளிக்கலாமேன்னு ஆளுக்கு ஒரு தடவ சொல்லிட்டாங்க, யாரையும் கிட்ட விடல. தண்டு சுருங்கினா ஒன்னும் ஆகாது, வேர் புடிச்ச ஒடனே மறுபடி உப்பிக்கும்.

இப்ப மண்ணு. இதுல தான் அதிகமா மெனக்கெட்டேன்.

கடைல விக்கற கேக்டஸ் மிக்ஸ்ல பாதிக்கு பாதி தேங்கா நாரு தூள் இருக்கு. அது நனைஞ்சா நாள் கணக்குல ஈரத்த விடாது, காஞ்சா மறுபடி தண்ணிய உள்ள வாங்காது, ரெண்டுமே இந்த வேருக்கு ஆகாது. நம்ம ஊர்ல பாறைக்கா பஞ்சம், கிரஷர்ல இருந்து கால் இன்ச் சிப்ஸ் ஒரு மூட்டை வாங்கிட்டு வந்தேன். கூட கொஞ்சம் டஸ்டும் குடுத்தாங்க. அந்த டஸ்ட அப்படியே போடக் கூடாது, அதுல மாவு மாதிரி இருக்கறது ரெண்டு மழைல அடில போய் இறுகி சிமெண்ட் தளம் மாதிரி ஆயிடும், ஓட்டைய அடைச்சுடும். கொசுவலைல சலிச்சு மாவ தள்ளிட்டு, மேல நிக்கற குருணைய மட்டும் எடுத்துகிட்டேன். அளவுன்னு பாத்தா சிப்ஸ் ரெண்டு பங்கு, அந்தக் குருணை ஒரு பங்கு, செம்மண்ணு ஒரு பங்கு, சூரைப்புதர் அடில மக்கிக் கெடந்த எலைக்குப்பை அரை பங்கு, பழைய ஓட்ட ஒடச்ச சில்லு கொஞ்சம். எரு, மண்புழு உரம் எதுவும் இல்ல. கலந்து முடிச்சுட்டு ஒரு டம்ளர் தண்ணிய மேல ஊத்தினா நின்னு பாக்க நேரமே இல்லாம அடில வந்துடணும், மேல குட்டை கட்டினா இன்னும் சிப்ஸ் போடணும். செம்மண்ணு எதுக்குன்னு கேட்டா, வெறும் கல்லுல சத்தும் நிக்காது ஈரமும் நிக்காது, மூனாவது நாளே வேர் நுனி காஞ்சுடும், கரட்டு இடுக்குலயும் தோண்டிப் பாத்தா கல்லுக்கு நடுவுல செவப்பா கொஞ்சம் மண்ணு இருக்கத்தான் செய்யுது.

சட்டி ஆழமா வேண்டாம், வேரு மேலாக்க தான் ஓடும், ஆழமான தொட்டில அடி மண்ணு வேரே போகாம ஈரமா கெடந்து அழுகல கூட்டிட்டு வரும். பழைய மண்ணு கொழம்புச்சட்டி நாலஞ்சு பரண்ல இருந்துச்சு, அதுல ஓட்டை போட்டேன். சட்டிய ராத்திரி முழுக்க தண்ணில ஊற வெச்சு, அடில ஈர மணல் போட்டு கவுத்து வெச்சு, டிரில்லுல ஹேமர் மோட ஆஃப் பண்ணிட்டு, சின்ன மேசனரி பிட்டுல மெதுவா ஆரம்பிச்சு அப்பறம் பெரிய பிட்டு. அமுத்தக் கூடாது, டிரில்லோட எடையே போதும். ஓட்டை மேல ஓட்டுச் சில்லு ஒன்ன கவுத்து வெச்சுட்டு மண்ணு போட்டேன்.

நடறதுன்னு சொல்றதே தப்பு, படுக்க வெக்கறது தான். தண்ட மண்ணு மேல படுக்க வெச்சு, வெட்டுவாய் மட்டும் லேசா மண்ணுல படற மாதிரி, ரெண்டு பக்கமும் கூழாங்கல்ல முட்டு குடுத்தா போதும். படுத்த தண்டுக்கு அடிப்பக்கம் பட்டைல இருந்தே வேர் எறங்கும், நுனி தானா மேல திரும்பிக்கும். குழி தோண்டி பொதைச்சா பொதைஞ்ச வரைக்கும் அழுகும். என் மச்சான் காவேரிப்பட்டினத்துல, என்கிட்ட வாங்கிட்டு போனத ரோஜாக்கன்னு நடற மாதிரி பாதி தண்டு வரைக்கும் பொதைச்சு, காலைல சாயங்காலம் தண்ணி ஊத்தி, கேட்டா நல்லா பச்சையா இருக்குன்னான், அடுத்த தடவ பேசும்போது கருப்பா கொழகொழன்னு ஆயிடுச்சுன்னான். மேல பச்சையா இருக்கும்போதே கீழ போயிருக்கும், இந்த வகை செடிக்கு அது தான் பழக்கம்.

வெச்சு ஒரு வாரம் தண்ணியே குடுக்கல. அப்பறம் மேல் மண்ணு காஞ்ச பின்னாடி ஒரு தடவ நல்லா, அடி வழியா வர்ற வரைக்கும். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கறது வேலைக்கே ஆகாது. ஆவணி கடைசில தண்டு பிடிச்சு லேசா இழுத்தா எதிர்த்து நின்னுச்சு, வேர் வந்துடுச்சு. நுனில புதுப் பச்சை தெரிஞ்சா அதுவே போதும், இழுத்துப் பாக்க வேண்டியதில்ல, ஆனா யாரு தான் இழுத்துப் பாக்காம இருக்கறா.

கொல்லை பாறை ஓரத்துல வேற வேலை இருந்துச்சு. பெரிய பாறைன்னா மழை பேஞ்சா அதோட மொத்த முதுகுல விழற தண்ணியும் ஒரே எடத்துல வழிஞ்சு எறங்கும், அங்க போய் செடி வெச்சா அடிச்சுட்டு போயிடும். ஒரு மழைல கொடைய புடிச்சுகிட்டு நின்னு எங்க எங்க வழியுதுன்னு பாத்து சுண்ணாம்புல கோடு போட்டு வெச்சேன். வழியற எடத்த விட்டு ஒரு மொழம் தள்ளி, பாறைய ஒட்டி கல்லு அடுக்கி, உள்ள அதே கலவை ஒரு சாண் ஒயரத்துக்கு. தரை மட்டத்த விட மேடா இருக்கணும், கொல்லை மண்ணு களி கலந்த மண்ணு, பள்ளமா வெச்சா கெணறு ஆயிடும். சூரைப்புதருக்குள்ள ஒன்னும் பண்ணல, குச்சியால எலைக்குப்பைய வெலக்கி கல்லுக்கு நடுவுல தண்ட செருகிட்டு கைய எடுத்தேன், கைல நாலு கீறல்.

எங்க பக்கம் புரட்டாசி ஐப்பசில தான் நல்ல மழை. கொல்லைல இருந்தது எல்லாம் நனைஞ்சு நனைஞ்சு காஞ்சுகிட்டே இருந்துச்சு, ஒன்னும் ஆகல. மாடில தான் ஒரு சட்டில ரெண்டு தண்டு அடில கருத்துச்சு, மூனு நாளா விடாம தூறினப்ப. கருத்தது கண்ணுல பட்ட அன்னிக்கே வெட்டணும். கருப்புக்கு மேல வெட்டி, வெட்டுவாய்ல நடுவுல பழுப்பு புள்ளி தெரிஞ்சா இன்னும் மேல, சுத்தமா பச்சையா வர்ற வரைக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட தொடச்சுகிட்டு. மிஞ்சின நுனிய மறுபடி மொறத்துல காய வெச்சு பொழைக்க வெச்சாச்சு. அதுக்கப்பறம் நாலு செங்கல் மேல பழைய கண்ணாடி கதவு ஒன்ன சாச்சு வெச்சேன், மேல மழை படாது, பக்கத்துல காத்து போகும். பாலிதீன் போத்தக் கூடாது, உள்ள வேர்த்து விட்டுடும்.

மார்கழி தை குளிர்ல செடி தூங்கும். ஓசூர் அளவுக்கு இல்லனாலும் இங்கயும் காலைல பல்லு கிட்டும். அந்த ரெண்டு மாசம் சட்டிக்கு தண்ணி கெடையாது, ரொம்ப சுருங்கினா மட்டும் ஒரு வெயில் நாளா பாத்து காலைல அரை டம்ளர்.

மாவுப்பூச்சி மாசில வந்துச்சு. அதுக்கு முன்னாடி எறும்பு வந்துச்சு, அதப் பாத்தே உஷாராகணும், இதுல எறும்புக்கு என்ன இருக்கு, அந்தப் பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்கு தான் காவல் காக்குது. தண்டு பட்டை இடுக்குல இருக்கற வெள்ளைய டூத் பிரஷ்ல தேச்சு எடுத்துடலாம், மண்ணுக்குள்ள வேருல ஒட்டிகிட்டு இருக்கறது தான் தெரியாது. ஒரு சட்டில மட்டும் செடி வளராம சும்மா நின்னுச்சு, அழுகலும் இல்ல, கவுத்துப் பாத்தா வேர் முழுக்க சுண்ணாம்பு தடவின மாதிரி. மண்ண மொத்தமா கொட்டி வெயில்ல காய வெச்சு, வேர ஓடற தண்ணில கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் காதி சோப்பு கரைச்ச தண்ணில முக்கி, நெழல்ல நாலு நாள் காய விட்டு புது மண்ணுல வெச்சேன். எண்ணெய் தெளிச்சா சாயங்காலம் தான், வெயில்ல தெளிச்சா தண்டு வெந்துடும். கொல்லைல இருக்கறதுக்கு மாவுப்பூச்சி வரவே இல்ல, ஏன்னு தெளிவா சொல்ற அளவுக்கு பாக்கல, ஓணான் நெறைய அங்க.

சரி, வெயிலா நெழலா. மொத வருஷ சித்திரை முடிஞ்சு பாத்தப்ப, மாடில இருந்தது சாகல. ஆனா பச்சை போயி செம்பு நெறத்துக்கு வந்து, இறுகி குட்டையா நின்னுச்சு, மே மாசம் முழுக்க ஒரு நகத்தளவு கூட ஏறல, இங்க வெயில் 38 டிகிரி தாண்டும்போது மாடி தளம் எவ்ளோ கொதிக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. புதருக்குள்ள இருந்தது நல்லா பச்சையா மொழ நீளத்துக்கு போயிடுச்சு, ஆனா நோஞ்சான், சூரைக்கெளை மேல சாஞ்சுகிட்டு தான் நிக்குது, பூவும் கம்மி. காலை வெயில் எடத்துல இருந்தது தான் தடிமனும் நீளமும் சமமா, தூரும் கட்டி, அதிகமா பூத்ததும் அதுல தான். அப்ப ஆயா சொன்னது சரின்னு தோணுச்சு, பெரிய செடிக்கு புதர் அவசியம் இல்ல, ஆடு தின்னலன்னா வெளிலயே நிக்கும்.

ஆனா அது கட்டிங்க வெச்சு பாத்த கணக்கு. கரட்டுல யாரும் கட்டிங் வெக்கலயே, அங்க எல்லாம் வெதைல இருந்து வந்தது. இது எனக்கு பூ வந்தப்பறம் தான் உறைச்சுது.

பூ புரட்டாசில. மெலிஞ்ச நுனில வரிசையா, கருஞ்செவப்புல, அஞ்சு இதழ், இதழ் ஓரத்துல மயிரு மாதிரி ஒன்னு காத்துக்கு ஆடிகிட்டே இருக்கும், கூர்ந்து பாத்தா அவ்ளோ அழகு. மூக்க கிட்ட கொண்டு போகாதீங்க. ஈய கூப்புடற பூ இது, தேனீய இல்ல. எருக்கு மாதிரியே இதுலயும் மகரந்தம் பொடியா இருக்காது, குட்டிப் பை மாதிரி ஜோடியா இருக்கும், ஈ வந்து ஒக்காந்து கால விட்டு இழுக்கும்போது அந்தப் பை காலுலயோ வாயிலயோ மாட்டிகிட்டு அடுத்த பூவுக்கு போகும். அதனால எத்தன பூ பூத்தாலும் காய் பிடிக்கறது கொஞ்சம் தான். மாடில காயே பிடிக்கல, கொல்லைல ஆட்டுப்பட்டி பக்கத்துல இருக்கறதால ஈக்கு கொறச்சல் இல்ல, அங்க பிடிச்சுது. ஒரு பூவுக்கு ரெண்டு காய், மெலிசா நீளமா செங்குத்தா நிக்கும், மொயல் கொம்பு தான்.

காய் முத்தறது மெதுவா. முத்தி பழுப்பாகி வெடிச்சா வெதை ஒவ்வொன்னும் வெள்ளப் பஞ்சு குடுமியோட பறந்துடும், எருக்கங்காய் பாத்திருப்பீங்க. தை மாசமே மெல்லிசு துணியில சின்னப் பை தெச்சு காய்க்கு மாட்டி அடில நூலு கட்டிட்டேன். மாசில ஒரு நாள் மத்தியானம் வெடிச்சு எல்லாம் பைக்குள்ள. தட்டையா பழுப்பா இருக்கற வெதை, பஞ்ச கிள்ளிட்டு, சலிச்ச குருணை மேல தூவி, மேல ஒரு நெல்லு கனத்துக்கு மணல், கீழ இருந்து தண்ணி. புது வெதைன்னா ஒரு வாரத்துக்குள்ள மொளைச்சுடும், ரொம்ப ஈஸி. பழைய வெதைக்கு அவ்ளோ வேகம் கெடையாது, அதனால வெச்சுக்காம ஒடனே போட்டுடுங்க.

நாத்த மூனு பங்கா பிரிச்சு அதே மூனு எடத்துல வெச்சேன். சித்திரை பொறந்து மொத வாரத்துலயே மாடில இருந்த அத்தனையும் காஞ்சுடுச்சு, தண்ணி குடுத்தும். காலை வெயில் எடத்துல பாறையோட சூடு தாக்கற வரிசை போயிடுச்சு, கல்லு நெழல்ல இருந்தது மட்டும் நின்னுச்சு. சூரைக்குள்ள இருந்தது முக்கால்வாசி நின்னுடுச்சு, ஒரு பட்டாணி ஒயரத்துல, பச்சையா. ஆக பெரிய செடிக்கு புதர் ஆட்டுகிட்ட இருந்து காவல், குட்டிச் செடிக்கு அது தாய்மடி. ஆயாகிட்ட கூட்டிட்டு போயி காட்டினேன். குனிஞ்சு பாத்துட்டு, "அது சரி சாமி, எங்க ஆடும் இத்துனூண்ட தேடி மேயாது"ன்னு ஒத்துகிட்டாங்க, மொத்தமா இல்லனாலும் பாதி.

இதனால கரட்டுல முள்ள வெட்டி எரிக்கறவங்கள பாத்தா இப்ப வயிறு எரியுது. நாம செடிய புடுங்கலயேன்னு சொல்வாங்க. புதர் போச்சுன்னா இருக்கற பெரிய செடி இருக்கும், அடுத்தது வராது.

தொவையல் சொல்லாம விட்டா அடிப்பீங்க. அதுக்கு முன்னாடி பறிக்கற நேரம். இந்த மாதிரி செடிங்க பகல்ல வாய மூடிகிட்டு ராத்திரி தான் மூச்சு விடும், வெயில்ல தொறந்தா ஈரம் போயிடும்ல. ராத்திரி இழுத்த கார்பன் டை ஆக்சைட புளிப்பா தண்டுல சேத்து வெச்சுகிட்டு பகல்ல வெளிச்சம் வந்ததும் செலவு பண்ணும். அதனால விடிகாலைல கடிச்சா புளிப்பு தூக்கல், பொழுது எறங்கையில கம்மி, லேசா கசப்பு தெரியும். ரணகள்ளி எலைல இதே சங்கதிய நாக்காலயே கண்டுபிடிச்சு எழுதினவரு பெஞ்சமின் ஹெய்ன், தரங்கம்பாடில இருந்து அப்பறம் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குப் போன ஆளு, லண்டன் லின்னேயன் சொசைட்டி இதழ்ல 1815ல வந்துச்சு. ஆயாவுக்கு ஹெய்னும் தெரியாது ஒன்னும் தெரியாது, ஆனா தொவையலுக்குன்னா காலைல ஒடிப்பாங்க, அப்பத்தான் புளி கம்மியா போட்டா போதும்ன்றாங்க. ஆடு மேய்க்கையில தாகத்துக்கு மெல்லறதுன்னா எந்த நேரம்னு பாக்கறதில்ல.

எளந்தண்டா நுனிப்பக்கம் ஒரு சாண், தூர விட்டுட்டு. பட்டை ஓரத்த கத்தியால சீவி நார எடுத்துட்டு, கழுவி, சின்னதா நறுக்கி, கடலெண்ணெய்ல சுருள வதக்கணும், பச்சை நெறம் மங்கி ஓரம் செவக்கற வரைக்கும், அரைகுறையா வதக்கினா தொண்டை கரகரன்னும். உளுந்து, காஞ்ச மொளகா, பூண்டு தனியா வறுத்து, உப்பு, கொட்டைப்பாக்கு அளவு புளி, எல்லாம் சேத்து அம்மில கொரகொரன்னு. மிக்சினா விட்டு விட்டு. ராகிக் களிக்கு இத விட்டா எனக்கு வேற வேண்டாம். தெனமும் சாப்புடற சாமான் இல்ல, மழைக்காலத்துல எப்பவாவது.

இத தின்னா பசி எடுக்காதுன்னு ஆடு மேய்க்கறவங்க சொல்றது பழைய பேச்சு, அத வெச்சு தான் இப்ப ஒடம்பு எளைக்கற மாத்திரைனு டப்பால விக்கறாங்க. பெங்களூர்ல 60 நாள் சாற குடுத்து சோதிச்சு 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, பசியும் இடுப்புச் சுத்தளவும் கொறஞ்சுதுன்னாங்க, ஒடம்பு எடைல சும்மா மாத்திரை சாப்ட்டவங்களுக்கும் இவங்களுக்கும் சொல்ற மாதிரி வித்தியாசம் இல்ல. சக்கரைக்கு மாத்திரை போடறவங்க டாக்டர கேக்காம இத மருந்தா எடுத்துக்க வேண்டாம். தொவையலா ருசிக்கு சாப்புடுங்க.

இப்போதைக்கு நெலவரம்: மாடி சட்டிய எல்லாம் சித்திரை வைகாசிக்கு மட்டும் தண்ணித் தொட்டி நெழலுக்கு நகத்திடறேன், அதுல இருந்தே செம்பு நெறம் போயி பச்சை திரும்பிடுச்சு. கொல்லை மேட்டுல தூரு நாலஞ்சு பெருசாயிடுச்சு, வீட்டுக்கு வேண்டிய தொவையலுக்கு கரட்டுப் பக்கம் போகறதில்ல. சூரைக்குள்ள பொழைச்ச குட்டிங்க இந்த ஆடிக்கு வெரல் நீளம் வந்திருக்கு. அதுல பாதி குட்டிங்களுக்கு மட்டும் மேல மூடி இருக்கற கெளைய வெட்டி தொறந்து விட்டு, எந்த வயசுல வெயில் தாங்குதுன்னு பாக்கணும், ஆனா தொறந்தா ஆடு வரும், அதனால மொதல்ல வெட்டின சூரைக்கெளையவே சுத்தி வேலியா சொருகிட்டு தான் அந்த வேலை.